இறக்கத்தில் சேர்த்த வேகம்

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தார்கள். சக்கரம் இல்லாத சைக்கிள். எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்; முன்னால் ஒரு பெட்டியில் எண்கள் மட்டும் ஓடும். வைத்தியம் பார்க்கும் பெண்ணுக்கு என் பேத்தி வயது. "இருவது நிமிஷம் எறங்காம மிதிக்கணும் தாத்தா. நடுவுல எறங்கவே கூடாது" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. மூன்றாவது நிமிடம் இறங்கி நின்றேன். முகம் சிவந்ததைப் பார்த்து ரத்தக் கொதிப்பு என்று நினைத்து, அவள் பாவம், டாக்டரைக் கூப்பிட ஓடினாள். இறங்காமல் மிதித்ததற்காக அடிபட்டவன் நான் என்று அந்தப் பெண்ணிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அந்த யந்திரத்தில் போட்டிருந்த எண்ணெய் வாசனை வேறு மூக்கிலேயே நின்றது. யுத்த காலத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் ஏது? செயினுக்கும் விளக்கெண்ணெய், ராந்தலுக்கும் விளக்கெண்ணெய், வயிறு அடைத்துக்கொண்டால் அதற்கும் அதுவே. டயர் கிடைக்காது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பழைய தோலை உள்ளே வைத்துத் தைத்து ஓட்டினோம். என் சைக்கிளில் அப்படி ஒன்பது இடம். அது ஓடும்போது நொண்டி மாடு நடப்பதுபோல ஒரு தாளம் வரும். முன் பிரேக் கிடையாது. பின் பிரேக் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அவசரத்துக்குக் குதிகாலை டயரில் வைத்து அழுத்துவேன். என் வலது குதிகால் இன்றும் மரக்கட்டை மாதிரிதான் இருக்கிறது.

அந்த வண்டி எனக்கு வந்த கதையும் சின்னதுதான். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காத கால். பெங்களூரில் பட்டாளத்துக் குதிரை லாயத்தில் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். லாயத்தை வேறு ஊருக்கு மாற்றியபோது அங்கிருந்த குமாஸ்தா ஒருவர், தூக்கிப் போக முடியாத ஓட்டைச் சைக்கிளை என்னிடம் தள்ளிவிட்டார். ஓசூர் வரை தள்ளிக்கொண்டும், அதற்கப்புறம் ஓட்டிக்கொண்டும் ஊர் வந்து சேர்ந்தேன். வந்ததும் தருமபுரியில் கரிக்கொட்டகையில் வேலை கிடைத்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடிய காலம். நாள் முழுக்கக் கரியை உடைத்து மூட்டை கட்ட வேண்டும். துப்பினால் கறுப்பாக வரும். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கரி பஸ் நினைத்தால் வரும். ஆகையால் வேலைக்குப் போக வர சைக்கிள்தான்.

இப்போது அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தருமபுரிக்கும் கடத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். இரக்கத்தால் என்று நினைக்காதீர்கள்; அச்சில் வரும் யோக்கியதை அதற்கு இல்லை. ஊர் ஒரு பள்ளத்தில் இருந்தது. தருமபுரிப் பக்கம் ஒரு மேடு, கடத்தூர்ப் பக்கம் ஒரு மேடு. கடத்தூர்ப் பக்கத்து மேட்டின்மேல் எங்கள் சேரி. ரோடு இரண்டு மேட்டுக்கும் நடுவே ஊர்த்தெரு வழியாகவே போகும். சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு பள்ளம் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடை என்று. ஒரு மேட்டில் இறங்கும் வேகமே அடுத்த மேட்டில் முக்கால்வாசி ஏற்றிவிட்டுவிடும்.

எனக்கு அது கிடையாது. ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் நான் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, இரண்டு பர்லாங் தள்ளிக்கொண்டு நடந்து, கடைசி வீடு தாண்டியபிறகு ஏறிக்கொள்ளலாம். ஏறினால் எதிரே மேடு. நின்ற நிலையிலிருந்து, கரித்தூள் அடைத்த நெஞ்சோடு, முக்கி முக்கி மிதிக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மரியாதை என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நான் அதைத் திருட்டு என்பேன். என் உடம்பின் எடையும் பூமியின் சரிவும் சேர்ந்து எனக்குக் கொடுத்த வேகத்தை, தினமும் இரண்டு வேளை, வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கரி பஸ்ஸின் பின்பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனால் அதே தெருவை உட்கார்ந்தபடியே கடப்பேன்; ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொந்தக் காலால் மிதித்துப் போனால்தான் அவர்களுக்கு எங்கேயோ குறைந்தது.

இதை மேற்பார்வை பார்த்தவன் சின்னசாமி என்ற ஒரு மனிதன். நிலம் உள்ளவன், வேலை இல்லாதவன். தெரு முனையில் புளியமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பான். முதல் நாள் "எறங்குடா" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. மறுவாரம் ஓர் இருமல் போதுமானதாக இருந்தது. மாதம் ஒன்று போனதும் இருமலும் தேவைப்படவில்லை. மரம் தெரிந்தால் என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் தருமபுரியில் ஓர் ஆபீசுக்குச் சைக்கிள் பியூன் வேண்டும் என்று தகவல் வந்தது. ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோகும் வேலை. மாதச் சம்பளம், காக்கி உடுப்பு, ஆபீஸ் சைக்கிள். சம்பளம் நினைப்பில் இருந்தது உண்மை. அதைவிடக் காக்கிதான் என்னைப் பிடித்து ஆட்டியது. காக்கி போட்டவனை இறங்கச் சொல்ல சின்னசாமிக்கு வாய் வராது. அந்தத் தெருவில் ஒருமுறையாவது உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்பதற்காகத்தான் நான் அந்த வேலையைக் கேட்டேன். வேறு பெரிய லட்சியம் ஏதும் இருந்ததாகப் பொய் சொல்லமாட்டேன்.

தேர்வு இதுதான்: மூன்று பேருக்கு ஆளுக்கொரு உறை. தருமபுரியில் ஒரே நேரத்தில் கிளம்பி, கடத்தூரில் காத்திருக்கும் ஹெட்கிளார்க் கையில் யார் முதலில் கொடுக்கிறானோ அவனுக்கு வேலை.

என் சிநேகிதன் ஜமால் தருமபுரியில் பஞ்சர் கடை வைத்திருந்தான். என் வயதுதான். என்னைத் தயார் செய்யும் பொறுப்பை நான் கேட்காமலே எடுத்துக்கொண்டான். தண்டவாளம் பிடுங்கிய ரயில் மேட்டில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னை ஓட விடுவான். அவனிடம் கடிகாரம் இல்லை, பீடிதான் கணக்கு. ஒரு பீடி தீர்வதற்குள் பாலம் போய் வர வேண்டும். நான் பிந்தினால் பீடி மட்டம் என்பான். முந்தினால் தன் பயிற்சி என்பான். ஒருநாள் அவனே சொன்னான்: "எப்படியும் அந்தத் தெருவுல எறங்கத்தான் போற. அதையாச்சும் வேகமா எறங்கு."

அதன்பிறகு அதைத்தான் பழகினோம். வண்டி நிற்பதற்கு முன்பே காலைத் தூக்கிப் போட்டு, ஓட்டத்தோடு தரையில் இறங்கி, ஹாண்டில்பாரைப் பிடித்தபடி ஓடி, அதே ஓட்டத்தில் தாவி ஏறுவது. முதல் வாரம் முட்டி இரண்டும் தோலுரிந்தது. பெடல் கெண்டைக்காலில் அடித்துச் சதை கிழிந்தது. அப்புறம் கைவந்துவிட்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தெருவிலேயே அதைப் பழகினேன். சின்னசாமி கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நான் மரியாதையில் அவசரப்படுவதாக அவன் நினைத்திருக்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஜமாலின் கடைக்குப் போய்விட்டேன். அவன் நல்ல செய்தி வைத்திருந்தான். "ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாம் தீர்த்தமலை திருவிழாவுக்கு வண்டி கட்டிருச்சு. நாளைக்கு நீ நேரா விட்டுரு."

விடிந்ததும் கிளம்பினோம். மற்ற இருவரும் நல்ல டயர் வைத்திருந்தவர்கள். ஆனால் மேட்டுக்கு வந்தபோது நான்தான் முன்னால். கரி உடைத்த நெஞ்சு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. உச்சியிலிருந்து பார்த்தேன். தெரு காலி. இரண்டு கோழிகள். வண்டிகள் நின்ற இடத்தில் வைக்கோல். சக்கரத்தை விட்டேன். காற்று காதில் இரைந்தது. புளியமரம் வந்தது.

இறங்கிவிட்டேன்.

நான் இறங்கவில்லை, என் கால் இறங்கியது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? ஒரு மாதம் பழக்கிய கால். அழகாகத் தூக்கிப் போட்டு, ஓட்டத்தோடு தரையில் பதிந்து, ஓடிக்கொண்டிருந்தது. பத்துத் தப்படி போனபிறகுதான் எனக்கே தெரிந்தது. உடனே ஏறியிருக்கலாம். ஏற வரவில்லை. காலி வீடுகள் இரண்டு பக்கமும் நின்றன. பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கடைசி வீடு வரைக்கும், கடைசி வீடு வரைக்கும் நடந்தேன். மற்ற இருவரும் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டி, வந்த வேகத்திலேயே எதிர் மேட்டில் ஏறினார்கள்.

ஒருவனைப் பிறகு பிடித்துவிட்டேன். இன்னொருவனைப் பிடிக்க முடியவில்லை. கடத்தூரில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஹெட்கிளார்க் நல்ல மனிதர்தான். "ஏம்ப்பா, டயர் போச்சா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

விடியும் முன்பே கரி பஸ் ஏறிக் கடத்தூர் வந்து காத்திருந்த ஜமாலுக்கு அதைக் கேட்டு ரோஷம் வந்துவிட்டது. அவன் பார்த்து அனுப்பிய டயர் அல்லவா? அங்கேயே ட்யூபைக் கழற்றி, ஒரு சட்டித் தண்ணீர் வாங்கி, அங்குலம் அங்குலமாக முக்கிப் பார்த்தான். குமிழே வரவில்லை.

"ஓட்டையே இல்லியே. எங்கடா நின்ன?"

"எறங்கிட்டேன்."

"எங்க?"

"ஊருக்குள்ள."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

ஜமால் வாயிலிருந்த பீடியைத் துப்பிவிட்டு, சட்டித் தண்ணீரைக் கீழே ஊற்றினான். திரும்பி வரும்போது வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். நாலைந்து நாள் கழித்து என் அம்மா காட்டு வேலையிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். காலில் தேள் கொட்டி வீங்கியதால் சின்னசாமி தீர்த்தமலைக்குப் போகவில்லையாம். வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். ஊர்ச்சனம் திரும்பியதும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். களை எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்திருக்கிறான். எங்கள் பையன்கள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"ஆளே இல்லாதப்பகூட எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனியாமே. நல்ல பேரு எடுத்துட்ட சாமி" என்றாள் அம்மா.

அவளைக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. நல்ல பெயர் என்றால் அவளுக்கு அடி விழாத மகன் என்று அர்த்தம். ஆனால் அவள் போட்ட களித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். சின்னசாமி என்னை இறங்கச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் உடம்பு செய்த துரோகத்தை எடுத்து, அதைக் கயிறாகத் திரித்து, எங்கள் பையன்கள் கழுத்தில் மாட்டினான் பாருங்கள், அதைப் பொறுக்க முடியவில்லை. ஐம்பது வருஷம் ஆகியும் முடியவில்லை.

மறுநாள் காலை எங்கள் மேட்டிலிருந்து கிளம்பினேன். செருப்பு காலில் இருந்தது. குதிகாலை டயரிலிருந்து தள்ளி வைத்தேன். கால் இறங்கத் துடித்தது, தொடையைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். சின்னசாமி இருமினான். அப்புறம் எழுந்து நின்றான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒன்பது தையலும் ஒரே தாளமாக அடித்துக்கொண்டிருந்தன. தெரு முடிந்தது. மேடு வந்தது. நான் மிதிக்கவில்லை. வண்டி தானாக ஏறியது. முக்கால் மேடு அப்படியே ஏறியது.

மாலையில் காத்திருந்தார்கள். அதை விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இடது தோள் மூட்டு விலகியது. சைக்கிளைக் கீழே போட்டு வண்டிச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினார்கள். ஊர்க்காட்டில் எங்கள் வீட்டுக்கு இனி வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தோளில் பற்றுப் போட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பற்றுக் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "மேடு ஏறறப்ப நீ மிதிக்கவே இல்லியே, இங்கிருந்தே பாத்தேன்" என்றாள்.

தோள் தேறியதும் நான் கிளம்பிவிட்டேன். கோலார், மைசூர், அப்புறம் எங்கெங்கோ. அம்மா கடத்தூரில் புளி உடைத்துப் பிழைத்தாள். அவளை விட்டுவிட்டுப் போனதை வீரக் கதையோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

சென்ற வருஷம் அந்த வழியாகப் போனேன். ரோடு போடுகிறவர்கள் இரண்டு மேட்டையும் வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமமாக்கிவிட்டார்கள். புளியமரம் இல்லை. தெருவில் பாதியை ரோடு தின்றுவிட்டது. பஸ் ஒரு மூச்சில் கடந்துபோகிறது. ஜமால் போய்ச் சேர்ந்துவிட்டான், சின்னசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டான், அம்மா போய் எத்தனையோ வருஷம். இறங்கி ஒரு கடையில் டீ குடித்தேன். கடைக்காரப் பையன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இந்தத் தெருவில் முன்னெல்லாம் சிலர் சைக்கிளைவிட்டு இறங்கித்தான் போக வேண்டும், தெரியுமா என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் எங்க ஊர்ல கெடையவே கெடையாதுங்க ஐயா. யாரோ உங்ககிட்ட தப்பா சொல்லியிருக்காங்க" என்றான்.

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லக்கூடியவர்கள் அத்தனை பேரும், ஒரு வார்த்தை சொல்லாமல், நிம்மதியாகச் செத்துப்போயிருக்கிறார்கள்.