புகைக்கூண்டு லயன்

திண்டுக்கல் வெயிலில் குளிர்காய அடுப்பு கட்டியவரை என்னவென்று சொல்வது? அப்பா வேலை பார்த்த, ஆட்டுத்தோல் பதனிடும் தோல்ஷாப்பை முதலில் நடத்திய வெள்ளைக்காரர், தன் ஊர் ஞாபகத்தில் குமாஸ்தாக்களுக்கு ஆறு வீடுகளை ஒரே கூரையின் கீழ் லயனாக, வரிசையாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார். செங்குத்தான ஓட்டுக்கூரை, காற்று வராத குட்டி ஜன்னல்கள், கூடத்துச் சுவரில் வளைவு வைத்த அடுப்பு மாடம், அதற்கு மேலே புகைக்கூண்டு. அம்மா அந்த மாடத்தில் சாமி படங்களை வைத்தாள். அடுத்த வீட்டு பாய் குடும்பம் தங்கள் மாடத்தில் கோழியை அடைத்தது. நாங்கள் சூடம் காட்டும்போது முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து கோழி கொக்கரிக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் அப்பா வேறொரு தோல்ஷாப்பில் தலைமைக் கணக்கர் வேலைக்கு ரகசியமாக முயன்றார். என் கல்யாணமே அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது. கைக்கு எட்டும் நேரத்தில் விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. அங்கேயும் வேலை இல்லை, இங்கேயும் மரியாதை இல்லை என்றாயிற்று.

பாயும் அப்பாவும் ஒரே ஆபீஸ். அம்மாவுக்கு அது போதும்.

"நாம பேசுறது அம்புட்டும் அந்தப் பக்கம் கேக்குதுங்க. கோழிச் சத்தம் வருதுல்ல?" என்றாள்.

"அவுகதான் மதினி, வேற யாரு?" என்றார் எங்களோடு தங்கி ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

அப்பா கூரையில் ஏறிப் பார்த்தார். இரண்டு மாடத்துக்கும் புகைக்கூண்டு ஒன்றுதான், நடுவில் தடுப்பே இல்லை. சித்தப்பா குஜிலியம்பாறைக்குப் போயிருந்த ஒரு நாள், அப்பா மாடத்துக்குள் தலையை நுழைத்து, "அடுத்த வாரம் மதுரைக்கு வேலைக்குப் போறேன். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்று பொய் சொன்னார்.

மறுநாளே பாயின் மனைவி கண் கலங்கி வந்து நின்றாள். "மதுரைக்குப் போறீகளாமேக்கா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக அம்மாவுக்குக் குதூகலம். அன்றே களிமண் குழைத்து மாடத்தின் மேல்வாயை அடைத்தாள்.

அப்பா மட்டும் காத்திருந்தார். வாரம் கழிந்தும் ஆபீஸில் மதுரை என்ற பேச்சே எழவில்லை. அம்மாவின் ஏச்சுகளையும் சேர்த்துக் கேட்டிருந்த அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகவில்லை.

அடுத்த மாதம், அப்பா முயன்ற அதே வேலையில் சித்தப்பா சேர்ந்தார். லட்டு வாங்கி வந்தார். நான் தொடவில்லை. அப்பா சுத்தியலை எடுத்து, அம்மா பூசிய களிமண்ணை இடித்துத் தள்ளினார்.

அதற்குப் பிறகு வீட்டு விஷயம் எதுவானாலும் அந்த மாடத்தின் முன்னால் உட்கார்ந்துதான் பேசுவார். வாசலில் சித்தப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.