செங்கடலுக்குப் பிறகு ஒரு நிமிடம்

சூசை அண்ணை போய்விட்ட செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுக வீதியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தவள் அவருடைய மகள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, அன்று தமிழிலேயே சொன்னாள்: "மாமா, அப்பா நித்திரையிலயே போயிட்டார்." காற்றில் கேட்காதவன் போல இன்னொரு முறை சொல்ல வைத்தேன். பிறகு சைக்கிளை ஒரு மதிலில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மீன் தொழிற்சாலையில் நெடுங்காலம் கத்தி பிடித்தவர். எங்கள் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசித்தவர். யூதர்களின் பழைய வேதநூல்களில் வருகிற போர்கள்தான் அவருக்குப் பைத்தியம். இரத்தம் வருகிற பக்கங்களை நாங்கள் தட்டிவிட்டுப் போவோம். அவர் அங்கேதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அந்த நூல்களுக்கு யூத அறிஞர்கள் சொன்ன விளக்கங்களைத் தேடி நகர நூலகத்தில் டெனிஷ் புத்தகங்களாக இரவல் எடுப்பார். நூலகத்துப் பெண் ஒருநாள் "நீங்கள் பாதிரியாரா?" என்று கேட்டாளாம். "இல்லை, மீன் வெட்டிறனான்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஓர் ஊரை முற்றுகையிடும்போதும் பழமரங்களை வெட்டாதே என்று அந்த நூல்களில் ஒரு சட்டம் உண்டு. ஒருநாள் பூசைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லோரும் ஆகா என்றோம். அவர் மட்டும், "மரத்துக்கு இரங்கினவை சனத்துக்கு ஏன் இரங்கேல்லை? அதே பக்கத்தில சனத்தை வெட்டச் சொல்லியும் கிடக்கு" என்றார். வேதத்தைக் கேள்வி கேட்கலாமா என்று யாரோ முகம் சுளித்தார்கள். "யூதர் தங்கட கடவுளோட காலங்காலமா வாதாடினம். இடையில வந்த நாங்கள் ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்றார் அவர்.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன். அதை மறைத்து அஞ்சலி எழுதினால் அவரே எழும்பி வந்து திருத்துவார்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு, பெரிய சனி வழிபாட்டில் செங்கடல் வாசகம் கட்டாயம் வரும். இஸ்ரயேல் மக்கள் கடலைக் கடக்க, துரத்தி வந்த எகிப்து அரசன் பார்வோனின் படை மூழ்கிப்போகும். முடிந்த கையோடு வெற்றிப் பாட்டு. பாடகர் குழு என் பொறுப்பு. சண்டை வந்த ஆண்டு அதற்கு நானே துள்ளலாக ஒரு மெட்டுக் கட்டியிருந்தேன். வாசகத்தின் கடைசிச் சொல் விழுந்ததும் ஆர்மோனியத்தில் கை வைத்தேன். சூசை அண்ணை வாசகமேடையை விட்டு இறங்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, நினைவூட்டச் சுருதிக் கட்டையை அழுத்தினேன். கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், பொறும் என்று எனக்குக் கையைக் காட்டினார். முழுதாக ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் இறங்கினார்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கையில் நான் வெடித்தேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "யூதரிட்ட ஒரு பழங்கதை இருக்கு. படை மூழ்கேக்க வானதூதர்கள் பாட வெளிக்கிட்டவையாம். என்ர பிள்ளையள் கடலுக்க சாகினம், உங்களுக்குப் பாட்டோ எண்டு கடவுள் பேசினாராம்."

எனக்கு அது நெருப்பாய்ச் சுட்டது. போர்க்காலத்தில் என் தம்பி இந்தியாவுக்குத் தப்ப மன்னாரிலிருந்து படகேறினான். நடுக்கடலில் கடற்படையினர் துரத்திச் சுட்டார்கள், உடல் கரைக்கு வரவேயில்லை. துரத்திய படை மூழ்குகிற அந்த ஒரு பாட்டில்தான் ஆண்டுக்கொரு முறை என் நெஞ்சு ஆறும். அதையும் பிடுங்குகிறாரே என்று, பாடகர் குழுவை விட்டேன். அவரோடு பேச்சையும் விட்டேன்.

அவர் விடவில்லை. சனிக்கிழமைதோறும் என் வீட்டு மணியை அடித்தார். கையில் ஒரு டெனிஷ் புத்தகம், வாயில் ஒரு பொய்: "ஒரு சொல்லு விளங்கேல்லை, ஒருக்காப் பாரும்." அவருடைய டெனிஷ் என்னுடையதை விட நூறு மடங்கு நல்லது. என் மனைவி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பாட்டுக்கு வாசிப்பார்.

ஒரு சனிக்கிழமை, எதிரிப் படையை ஓர் இறைவாக்கினர் தந்திரமாக இஸ்ரயேலின் தலைநகருக்குள் கொண்டுவந்து விடுகிற கதையை வாசித்தார். வெட்டட்டுமா என்று அரசன் துடிக்கிறான். வேண்டாம், சாப்பாடு போடு என்கிறார் இறைவாக்கினர். பெரிய விருந்து. அந்தப் படைகள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. சூசை அண்ணை புத்தகத்தை மூடினார். "என்ன கறி வைச்சவை எண்டு மட்டும் எழுதேல்லை. சண்டையெல்லாம் விலாவாரியா எழுதினவை, சமாதானம் வந்த சமையலை விட்டிட்டினம்."

எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு கோபத்தையும் கொட்டினேன். "உங்களுக்குப் பார்வோன்ர படையில உள்ள இரக்கம் என்ர தம்பியில இல்லை, அண்ணை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு மேடையில நிக்கேக்க மனசில முதல் ஆளா வந்தது உம்மட தம்பிதான். கடல்ல போனவை எண்டால் அவனும்தானே. பாட வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லையே. கொஞ்சம் பிந்திப் பாடும் எண்டுதான் சொன்னனான்."

அடுத்த பெரிய சனிக்கு ஆர்மோனியத்தோடு போனேன். அவர் வாசித்து முடித்தார், நின்றார், நானும் காத்திருந்தேன். பிறகு அதே மெட்டைத்தான் பாடினோம். இறங்கி வரும்போது அவர் தாளம் போட்டுக்கொண்டே வந்தார், அதுவும் தப்புத் தாளம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு நிமிடத்தைத்தான். முதல் ஆண்டு அதற்குள் என் தம்பி மட்டும் இருந்தான். போன ஆண்டு, எப்படியென்று தெரியவில்லை, அவனைச் சுட்டவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா வழி பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் என்று நினைத்துவிட்டேன். வெளியே வந்ததும் சூசை அண்ணை என் முகத்தைப் பார்த்து, "என்ன ஐசே, ஒரு மாதிரி இருக்கிறீர்?" என்று கேட்டார். வெட்கத்தில், ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கட்டை ஒட்டவில்லை, அண்ணை. அந்த அம்மாவையும் நினைச்சனான்.