நாலு கதவு வீட்டில் அரைப்பங்கு

நாலு கதவு வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று இவர் வந்து சொன்னபோது, எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தாழ்வுபாட்டுக்குப் போகிற வீதியில் ஒரே கூரையின் கீழ் நாலு குடும்பம் வாடகைக்கு இருக்கிற வீடு அது. இவர் பஸாரில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். எங்களுக்கென்று இருந்தது புத்தளத்தில் ஒரு துண்டுக் காணி மட்டும்தான்.

"காணியை வித்துப்போட்டு மிச்சத்துக்கு வங்கியில எடுப்பம். நாலு வாடகையும் சேர்ந்தால் தவணையைக் கட்டியும் கையில கொஞ்சம் நிக்கும்" என்றார்.

"வட்டிக்கோ?"

"பின்ன, என்ர முகத்தைப் பாத்தோ தருவாங்கள்?"

"உங்கட முகத்துக்கு ஒருத்தனும் தரமாட்டான், அது எனக்கும் தெரியும். ஆனால் வட்டிக் காசில வாங்கின வீட்டு வாசல்ல நான் கால் வைக்கமாட்டன். அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளுங்கோ."

நான் வாய்க்காரி. ஊரே சொல்லும். ஆனால் வீட்டின் மேல் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். யுத்தத்தில் இந்தத் தீவை விட்டுப் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து போன நாளிலிருந்து, திரும்பி வந்த பிறகும்கூட, நான் அடுத்தவர் வீட்டில்தான் சோறாக்கினேன். அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரி, என் பிள்ளை கரியால் சுவரில் கோடு கிழித்ததற்காக எங்களை வீட்டை விட்டே எழுப்பிவிட்டாள். ஒரு வீடாவது என்னுடையது என்று சொல்லிவிட்டு மவுத்தாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வட்டியில்லாமல் கடன் கொடுக்கிற இடத்திலும் போய்க் கேட்டோம். கடை வருமானத்துக்கு ஒழுங்கான கணக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அப்படியிருந்தும் வீட்டைப் பார்க்கப் போனோம். இவர் வாசலில் நின்று, ஒரு கதவின் வாடகையை நாலால் பெருக்கி, அதைப் பன்னிரண்டால் பெருக்கி, ராசா மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாடகைக்கு இருந்தவளுக்குத்தானே வாடகை வீட்டின் வியாதி தெரியும்? சுவரடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. நாலு குடும்பத்துக்கும் ஒரே கக்கூஸ் குழி, ஒரே தண்ணீர் மோட்டர். நகரசபைக்குச் சோலைவரி கட்ட வேண்டும். ஒரு குடும்பம் போய் இன்னொன்று வரும்வரை கதவு பூட்டித்தான் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாலில் இரண்டு கதவு கடல் தொழில்காரர். சோளகக் காற்று எழும்பினால் அவர்கள் கடலுக்குப் போக முடியாது, அந்த மாதங்களில் வாடகையும் வராது.

"பன்னிரண்டால பெருக்காதேங்கோ. எட்டால பெருக்கிப் பாருங்கோ" என்றேன். இவருடைய முகம் தொங்கிப்போனது. பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு சம்மாட்டியின் மனைவி. கணவருடைய படகுகளையும் வலைகளையும் ஆட்களையும் பார்ப்பது அவர்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கழுத்தில் செபமாலை, குரலோ கடற்கரைக் குரல். கதிரை போட்டு, தேநீர் தந்து, பேச்சை ஒரே வெட்டாக வெட்டினார்.

"தங்கச்சி, எனக்கு முழுக்காசும் ஒரேயடியா வேணும். படகு எஞ்சின் மாத்தவேணும்."

அரைவாசிக்குத்தான் எங்களிடம் வழியிருந்தது. ஆசை கைநழுவுகிற ஆத்திரத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "முழுக்காசு இருந்தால் நான் ஏனக்கா உங்களிட்ட வந்து கெஞ்சுறன்? உங்கட படகில போற ஆக்கள் படகை முழுக்க வாங்கிப்போட்டோ கடலுக்குப் போகினம்? பங்குக்குத்தானே போகினம்!"

இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். சம்மாட்டியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"பங்குக்கோ! மீன் பட்டால் எல்லாருக்கும். படாட்டி ஒருத்தருக்கும் இல்லை. வீட்டையும் அப்பிடிப் பிடிப்பம் எண்டுறீரோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு, தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்து, விரல் விட்டு எண்ணினார். எஞ்சினுக்கு அரைக்காசு போதும் என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. வீட்டில் பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. வருகிற வாடகையில் பாதிக்குப் பாதி. எங்கள் பாதியைச் செலவழிக்காமல் வைத்து, கடைக்காசையும் போட்டு, அவருடைய பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை வராத மாதம் இருவருக்கும் இல்லை. மௌலவியிடம் போய்க் கேட்டோம். நட்டத்திலும் இருவரும் சேர்ந்தே நிற்பதென்றால் அது வட்டி ஆகாது என்றார். புத்தளத்துக் காணியை விற்றுக் காசைக் கொடுத்தோம், அரைப்பங்கை எங்கள் பெயருக்கு மாற்றி நொத்தாரிசு உறுதிப் பத்திரம் எழுதினார். அன்று நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

அடுத்த சோளகம் பொல்லாததாக வந்தது. மூன்றாம் கதவில் கடல் தொழில் செய்கிற ஒரு இளம் குடும்பம், புருஷனும் பெண்சாதியும் ஒரு பிள்ளையும். வாடகை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஒரு பின்னேரம், கேட்டே விடுவது என்று புறப்பட்டுப் போனேன்.

வாசலை மிதிக்கும்போது உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் நின்றது. பிள்ளை என்னவோ கேட்டது. "உஷ்" என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன். வாசலில் அவளுடைய செருப்புக் கிடந்தது. உள்ளே எடுக்க மறந்துவிட்டாள். புத்தளத்தில் வீட்டுக்காரி வாடகைக்கு வந்து தட்டும்போது நான் ஒருநாளும் மறந்ததில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள்தான் நானும். வங்கித் தவணை கழுத்தில் கிடந்திருந்தால் நான் திரும்பவும் தட்டியிருப்பேன். சத்தமும் போட்டிருப்பேன். என் வாயை எனக்குத் தெரியாதா?

"பிள்ளை, மோட்டர் பாக்க வந்தனான். வாடகைக்கு வரேல்லை" என்றேன். "தண்ணி விடாய்க்குது, கதவைத் திற."

கதவு திறந்தது. இடுப்பில் பிள்ளை, அவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, நாங்கள் வீட்டை விட்டு எழும்பவேணுமோ?"

"ஆர் சொன்னது?"

அவள் அவசரமாக ஒரு கதிரையை இழுத்து, சீலைத் துண்டால் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"இருங்கோக்கா."

"நீயும் இரு" என்றேன்.