பத்தாயிரத்தொன்று உடைந்த கதை

கேரளம் என்று புது மாநிலம் பிறந்த மறு வருஷம், என் கணவரின் தங்கை பிரசவத்துக்காக எல்லையோர மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் மனைவியான என்னை நங்கை என்று கூப்பிடுவாள். இருவரும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள்; இருவருக்கும் கணக்கில் தீராத பைத்தியம். வெளியே விடாத மழை. பால் கறந்து ஊற்றிவிட்டால் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒருத்தி ஓர் எண் சொல்வாள், மற்றவள் அதை மீதியில்லாமல் சிறிய எண்களாக உடைக்க வேண்டும்.

ஒருநாள் ஆயிரத்தொன்று சொன்னேன். அவரைக்காய் உரித்துக்கொண்டே யோசித்தாள்.

"ஏழு, பதினொண்ணு, பதிமூணு. பெருக்கிப் பாருங்க நங்கை."

சரியாக இருந்தது. வீம்புக்கு நடுவில் இன்னொரு சுழி சேர்த்தேன். "அப்பப் பத்தாயிரத்தொண்ணு?"

அது அசையவில்லை. ஏழால் வகுத்தால் ஐந்து மிஞ்சியது, பதிமூன்றுக்கு நான்கு.

"இது எதுக்கும் மசியாது அம்மிணி," என்றேன்.

"எல்லாத்தையும் பாக்காம எப்படிங்க சொல்றது?"

"எல்லாத்தையும்னா எதுவரைக்கும்?"

உரித்த அவரைக்காயை முறத்தில் போட்டாள். "நூறு வரைக்கும் போதுமுங்க. ரெண்டுமே நூத்துக்கு மேல இருந்தா, பெருக்குனா பத்தாயிரத்தொண்ணத் தாண்டிருமல்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால், பகா எண்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வகுக்கத் தொடங்கினோம். எழுபத்தொன்றுக்கு வந்தபோது அவளுக்கு வலி கண்டது. மீதி அறுபத்தொன்று என்று நான் எழுதி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! வண்டி கட்டிப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். உள்ளே கொண்டுபோகும்போது என் கையை இறுக்கி, "அடுத்தது எழுபத்திமூணுங்க," என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவளுடைய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மனத்தை எதிலாவது கட்டிப்போட வேண்டியிருந்தது. பத்தாயிரத்தொன்றிலிருந்து எழுபத்துமூன்றை நூறு தடவை எடுத்தேன், மிஞ்சியது 2701. முப்பது தடவை எடுத்தேன், மிஞ்சியது 511. இன்னும் ஏழு தடவை. மிஞ்ச எதுவும் இல்லை. நம்ப முடியாமல் திரும்பப் பெருக்கினேன். அதே பத்தாயிரத்தொன்று.

பெண் குழந்தை. களைத்துக் கிடந்தவளின் காதருகே குனிந்தேன். "உடைஞ்சிருச்சு. எழுபத்திமூணும் நூத்தி முப்பத்தேழும்."

உலர்ந்த உதட்டோடு சிரித்தாள். "பாத்தீங்களா? ஒரு படி முன்னாடியே விடப் பாத்தோம்."

வீடு திரும்பிய பிறகு, பாலூட்டிக்கொண்டே அவள் இன்னொன்று கண்டுபிடித்தாள். தன் அண்ணனிடம் ஏதாவதொரு நான்கு இலக்க எண்ணை எடுத்து முதலில் எழுபத்துமூன்றாலும் பிறகு நூற்று முப்பத்தேழாலும் பெருக்கச் சொன்னாள். அவர் 4826 என்று எடுத்தார். வெகுநேரம் பெருக்கியபின் தாளையே வெறித்துப் பார்த்தார். 48264826.

"இதென்ன, நான் எழுதுனதே ரெண்டு தடவை வந்திருக்குது?"

"பத்தாயிரத்தொண்ணால பெருக்குனா வேறென்னங்கண்ணா வரும்?"

அவர் தாளைத் திருப்பி, வேறோர் எண்ணை எழுதத் தொடங்கினார்.