அண்ணி எழுதிய தேதிகள்

அண்ணியை நினைத்தால், காலண்டர் தாள்களைக் கோத்து அவர் சுவரில் மாட்டியிருந்த கம்பிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர் அவர். ஆகஸ்ட் முடியும் நேரம் வடக்கிலிருந்து பறவைகள் எங்கள் நீர்த்தேக்கத்துக்கு வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி கரையில் உட்கார்ந்து, வாலாட்டிக் குருவி எந்தத் தேதியில் வந்தது, உள்ளான்கள் எத்தனை என்று அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். பதினொரு வருடம் எழுதினார்.

கொழும்பிலிருந்து கேமராவோடு வந்த ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோனார். "ஒரு வாரத்துல திருப்பித் தர்றேம்மா" என்று சொல்லி அத்தனையையும் வாங்கிப் போனார். ஆள் திரும்பி வரவேயில்லை.

இரண்டு வருடத்தில் ஒரு ஹோட்டல் அந்தக் கரைக்கு வேலி போட்டது. வாசலில் பறவைகள் வரும் தேதிகளோடு ஒரு பலகை, கீழே ஆய்வாளரின் பெயர். நானும் அண்ணியும் போனபோது, தோட்டத்து ஆட்களை உள்ளே விடமுடியாது என்று காவலாளி சிங்களத்தில் சொன்னார். அண்ணி பலகையில் ஒரு தேதியைத் தொட்டு, "இது நம்ம பெரியவளுக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு எழுதுனது" என்றார்.

அந்நேரம் ஆய்வாளரே விருந்தினர்களோடு வெளியே வந்தார். முகத்தில் கூச்சமே இல்லை. "அடுத்த ஞாயிறு கொழுந்துக் கூடையை மாட்டிக்கிட்டு வாங்கம்மா. இவங்க படம் எடுப்பாங்க, நல்லா இருக்கும்."

"குருவி பாக்கக் கூடை எதுக்குங்க ஐயா? என் தாளைக் குடுங்க, போதும்."

ஆய்வாளர் சிரித்தார். தாள்கள் கொழும்பில் இருக்கின்றனவாம். இன்றுவரை வரவில்லை. பதினொரு வருட ஞாயிறுகளை ஒரு சிரிப்பில் தள்ளிவிட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் தனியாகப் போனேன். இப்போது நான் ஆசிரியர். என் காலில் இருந்த சப்பாத்தையும் நான் பேசிய சிங்களத்தையும் பார்த்துக் காவலாளி வழிவிட்டார். அண்ணியின் பெயரையும் பலகையில் போடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். பலகையில் இடமில்லை என்றார். அவர் தலைக்கு மேலே, கூடையோடு சிரிக்கும் யாரோ ஒரு பெண்ணின் படம் சுவரையே நிறைத்திருந்தது. குரலை உயர்த்திவிட்டுத்தான் வந்தேன்.

முழங்கால் வலியோடு லயத்து வீட்டில் படுத்திருந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ள என்னென்ன குருவி வந்திருக்கு?" என்றார்.

"சண்டை போடத்தானே போனேன் அண்ணி. பாக்கல."

எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"என்னைத்தான் விடமாட்டேங்கிறாங்க. உன்னைய விட்டாங்கல்ல? தண்ணிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலியா நீ?"