காப்புக்குள் இரண்டு எழுத்து

போன வாரம் கேட்டி என்ற ஊரில், ஒரு வீட்டுப் பழைய பொருள்களையெல்லாம் விற்கும் எஸ்டேட் சேலில் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினர் செய்த பழைய காப்பு ஒன்று வாங்கினேன். வெள்ளியில் நீலக்கல்லும் பவளமும் வழுவழுவென்று பதித்தது.

இன்று காலைவரை அவள் அதைத் தொடவில்லை. உள்பக்கம் டி, ஆர் என்று இரண்டு எழுத்து பொறித்திருந்ததுதான் காரணம்.

"யாரோ புருஷன் பொண்டாட்டி பேருங்க. நம்ம கல்யாண மோதிரத்துல உள்ள போட்டிருக்கோம்ல, அது மாதிரி. இன்னொருத்தர் கல்யாண நகைய நான் எப்படி மாட்டிப்பேன்?"

செய்தவருடைய முத்திரையாக இருக்கும் என்றேன்.

"அப்ப ப்ரூவ் பண்ணுங்க."

போட்டோ எடுத்து, பழைய நகை சேகரிப்பவர்களின் ஃபோரத்தில் போட்டேன். இன்று நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு பெண்மணி பதில் எழுதியிருந்தார். முத்திரை அவருக்குத் தெரிந்ததுதான். எழுத்துகள் செய்தவர்களுடையவை. ஆனால் ஒருவரல்ல, இருவர். கணவர் வெள்ளியை அடிப்பாராம், மனைவி கல்லை அறுத்துப் பதிப்பாராம்.

ஜெயித்த மிதப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"நான்தான் சொன்னேனே, புருஷன் பொண்டாட்டின்னு!" என்று உடனே மாட்டிக்கொண்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சேர்ந்து செஞ்சாங்க, சேர்ந்து பேர் போட்டாங்க. நாம எதுல போடலாம், சொல்லுங்க?"

வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டேன். மோதிரத்தை விட்டால், எங்கள் இருவர் பேரும் சேர்ந்திருப்பது வாசல் மெயில்பாக்ஸில் மட்டும்தான்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியதும் அவள்தான்.

உங்கள் வீடுகளில் நிலவரம் எப்படி?