தகடு வைத்த ஸ்டீயரிங்

இதை நம்பாதவர்கள் நம்பாமலேயே போகலாம். சம்பந்தப்பட்டவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். நல்ல நிதானத்தில்தான் இருக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. நடந்ததும் நடுராத்திரியில் அல்ல... பட்டப்பகலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டு பத்துக்குத் தொடங்கியது.

அவர் மெக்கானிக். பழைய வண்டிகளைப் பிரித்து, ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் உறுப்புகளைப் பொருத்தி, கேட்டவர் கேட்டபடி வண்டி கட்டித் தருவதில் கைதேர்ந்தவர். பதினோரு மாதத்துக்கு முன் மனைவியின் தம்பிக்கும் அப்படி ஒன்று கட்டிக் கொடுத்தார். வீட்டில் அவனைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஸ்டீயரிங் பெட்டி ஒரு வேனிலிருந்து வந்தது. சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் ஒரு சின்னக் காரிலிருந்து வந்தது. அதன் முனை மெலிசு. அது உட்கார வேண்டிய ஓட்டை பெரிசு. லேத்தில் கொடுத்து, இடைவெளியை அடைக்கிற இரும்பு வளையம், அதாவது புஷ், கடைந்து போட்டிருக்க வேண்டும். சிட்டு அவசரப்பட்டான். இவர் ஒரு மெல்லிய தகட்டை வெட்டி முனையில் சுற்றி, நட்டை முறுக்கிவிட்டார்.

"தாங்குமா மாமா?"

"யாருடா கட்டினது? கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு."

ஒன்பதாம் நாள், ஒரு இடது வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதியது. சிட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனான். பையன் வேகமாக வந்திருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். இவரும் தலையாட்டினார். மனைவி கதறியபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மை மட்டும் தொண்டைக்குழி வரை வந்து வந்து திரும்பிப் போனது. பதினோரு மாதமும் அப்படியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நின்றது ஒரு ஓவிய ஆசிரியரின் வண்டி. அதே தொல்லை. மெல்லிய முனை, பெரிய ஓட்டை. லேத் பட்டறை விடுமுறை. ஐந்து மணிக்கு ஆசிரியர் தன் இரண்டு பெண்களோடு வண்டி எடுக்க வருகிறார். இவர் கை தானாகவே தகடு வெட்டும் கத்தரியைத் தேடிப் போனது. இந்த ஒரு நாளைக்கு ஓடட்டும்... நாளைக்கு மாற்றிவிடலாம்...

2:10. வண்டியை ஸ்டாண்டு மேல் ஏற்றி, முன்சக்கரங்களை நேராக வைத்துவிட்டு, மேஜைக்குப் போய்த் தகடு வெட்டினார். திரும்பி வந்தால் சக்கரங்கள் இரண்டும் இடது பக்கம் திரும்பியிருந்தன. போகும்போது தன் கால் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

2:25. தகட்டைச் சுற்றி நட்டை முறுக்கினார். நட் கழலாமல் இருக்கக் காட்டர் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கினார். கை கழுவப் போனார். பின்னால்... டிங். காட்டர் பின் தரையில் கிடந்தது. மடக்கிய கால்கள் நேராகியிருந்தன. கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த மாதிரி.

ஷெட்டின் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. அதைப் போட்டதே அவர்தான்.

2:40. வண்டிக்கு அடியில் படுத்து வேறொரு பின்னைச் செருகிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங்... கிரீச்.

யாரோ உட்கார்ந்தார்கள்.

"யாரு?"

ஸ்டீயரிங் திரும்பியது. இடது... டிக். வலது... டிக். மறுபடி இடது. வண்டி எடுப்பதற்கு முன் ஆட்டிப் பார்க்கிறவன் போல. அவசரமே இல்லாமல்.

முகத்துக்கு அரை அடி மேலே டை ராட் போய்ப் போய் வந்தது. நட் கழன்றது. கண்ணெதிரே, தானாக. ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

தகடு நழுவி அவர் மார்பில் விழுந்தது.

எழ முடியவில்லை.

டிக்.

"சிட்டு..."

டிக்.

"தப்பு என்னோடதுடா... நான்தான்டா உன்னைக் கொன்னேன்."

நின்றது.

மணி 2:52.

தவழ்ந்து வெளியே வந்தார். சீட்டில் யாரும் இல்லை. நடுவில் அமுங்கியிருந்த மெத்தை மட்டும் மெல்ல... மெல்ல... மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

ஆசிரியருக்குப் போன் போட்டார். "இன்னிக்கு வண்டி கிடையாது சார். புஷ் கடைஞ்சு போட்டாதான் தருவேன். திட்டுறதுன்னா திட்டிக்கோங்க." ஷெட்டைப் பூட்டக்கூட மறந்து வீட்டுக்கு நடந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். வேலையில் செய்த தப்பை மட்டும்தான். ஷெட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. அவள் அழுவாள், அடிப்பாள், வீட்டை விட்டுப் போகச் சொல்வாள் என்று காத்திருந்தார்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"தெரியும்."

"எப்படி?"

"சிட்டுதான் சொன்னான். நீங்க தகடு வச்சது, அது நழுவினது, எல்லாம் சொன்னான். மாமாவா வாயைத் திறக்கிற வரைக்கும் நீயா எதையும் கேக்காதே அக்கான்னான்."

அப்படியானால் அவன் முன்பே கண்டுபிடித்துவிட்டானா? தெரிந்துமா ஓட்டினான்?

"எப்போ சொன்னான்? மோதுறதுக்கு முன்னாடியா?"

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"அடக்கம் பண்ணின மறுநாள்."